மாதேரான் மலையும் நின்றுபோன குளிர்சாதனப் பெட்டியும்

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார்க்குக் கோடை விடுமுறையில் இரண்டே வழிகள்தாம் உள்ளன. ஊருக்குப் போவது ஒன்று. ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் அருகிலுள்ள மலைக்குப் போவது மற்றொன்று. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்குமா டிக்கெட் பஞ்சம் என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். பாஸ் கையில் இருந்தால் மட்டும் போதுமா? படுக்க இடம் வேண்டுமே! ஆகவே 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கல்யாண் ரயில்வே குடியிருப்பில் அடுத்தடுத்து வசிக்கும் நாங்கள் இரு குடும்பத்தார், குழந்தைகளும் பெரியவர்களுமாக ஒன்பது பேர், மூன்று இரவுகள் தங்கி வரும் உத்தேசத்துடன் மாதேரானுக்குப் புறப்பட்டோம்.

மாதேரான் என்னும் மராத்திப் பெயருக்கு மலையின் தலைமேல் அமைந்த காடு என்று பொருள் கூறுவர். 1850-ஆம் ஆண்டில் தாணா மாவட்டக் கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்ற ஆங்கிலேயர் இம்மலையைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். நேரல் நிலையம் வரை கர்ஜத் செல்லும் லோக்கல் வண்டியிலேயே போகலாம். அங்கிருந்து 2 அடி அகலமே உள்ள இருப்புப் பாதையில் ஒரு சிறு வண்டி மலை ஏறுகிறது. ஆதம்ஜி பீர்பாய் என்ற பெரும் வணிகரின் குடும்பத்தார் 1904-இல் தொடங்கி 1907-இல் முடித்த பாதை அது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்தை அவ்வண்டி இரண்டரை மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொண்டு கடக்கிறது. ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என நடுவே மூன்று நிலையங்கள். வழியில் ஒரே ஒரு குகைப்பாதை வருகிறது. ஒரு முத்தம் கொடுக்கும் நேரத்திற்குள் கடந்துவிடலாம் என்பதால் வெள்ளைக்காரர் அதற்கு முத்தத்தின் பெயரையே சூட்டிவிட்டனர். குழந்தைகள் பெயர்க்காரணம் கேட்டபொழுது பெரியவர்கள் எல்லோரும் ஒருசேர ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாயினர்.

2005-ஆம் ஆண்டுப் பெருமழையில் இப்பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு 2007-இல்தான் மீண்டது. 2019-இல் மறுபடியும் சேதமுற்று, 2022 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து வண்டி கிடையாது. அமன் லாட்ஜுக்கும் மாதேரானுக்கும் இடையில் மட்டும் ஓடும். இதனைக் குறித்துக்கொண்டு பயணத்திற்கு நாள் பார்ப்பது நன்று.

சாலை வழியாக வருவோர் தஸ்தூரி என்னும் இடத்தில் காரை நிறுத்திவிட வேண்டியதுதான். அதற்கு மேல் ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகள் தவிர வேறு மோட்டார் வண்டி போகலாகாது. மத்திய அரசு 2003-ஆம் ஆண்டில் இம்மலையையும் சுற்றுப்புறத்தையும் சுற்றுச்சூழல் காக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவித்தது. தஸ்தூரியிலிருந்து கடைவீதி இரண்டரை, மூன்று கிலோமீட்டர் இருக்கும். செம்மண் பாதை, இருபுறமும் அடர்ந்த மரங்கள், தலைக்கு மேல் குரங்குகள். நடக்கலாம், குதிரை ஏறலாம். சோதனையாக விடப்பட்ட மின்சார ரிக்ஷாவில் இடம் கிடைத்தால் அதிலும் போகலாம். மனிதர் இழுக்கும் கைரிக்ஷாக்களையும் நாங்கள் கண்டோம். அவற்றை ஆறு மாதத்திற்குள் நிறுத்திவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆணையிட்டது. ஒரு மனிதன் மூச்சிரைக்க இழுக்க, மற்றொரு மனிதன் மேலே அமர்ந்து கைப்பேசி பார்க்கும் காட்சி மனத்திற்கு ஒவ்வாததாகவே இருந்தது.

மோட்டார் இல்லாத ஊர் என்றால் அமைதி, தூய காற்று என்று மட்டுமே வெளியூரார் எண்ணுவர். அங்கே குடியிருப்போர்க்கு அதன் பொருள் வேறு. எரிவாயு உருளை குதிரை முதுகில் வருகிறது. அரிசி மூட்டையும் செங்கல்லும் அவ்வாறே. கட்டில், பீரோ, சலவை இயந்திரம் எதுவாயினும் தஸ்தூரியில் இறங்கி மனிதர் தோளிலோ தள்ளுவண்டியிலோ ஊருக்குள் நுழைய வேண்டும். பழுதுபார்ப்பவர் கீழே நேரலிலிருந்து வந்தால், வந்து போகவே அரைநாள் கழிந்துவிடும். வீட்டுச் சாமான் ஒன்று பழுதானால் கல்யாணில் ஒரு மணி நேரத்தில் முடியும் காரியம் மாதேரானில் இரண்டு நாள் ஆகும். இச்செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். இனி நாங்கள் சொல்லப்போவது இதனைப் பற்றியதே.

நாங்கள் எடுத்தது ஒரு பழைய பங்களாவின் மாடிப் பகுதி. இரண்டு படுக்கையறை, அகன்ற தாழ்வாரம், சமையலறை. ஒரு நாளைக்கு ரூ. 6,000 வாடகை, மூன்று நாளைக்கு ரூ. 18,000 முன்பணமாகவே செலுத்திவிட்டோம். உரிமையாளர் மும்பையில் இருப்பவர். வீட்டைக் காத்துவரும் மராத்திய அன்பர் ஒருவர் பின்புறத்தில் மனைவி மக்களுடன் வசிக்கிறார். அவரை நாங்கள் ‘பாவூ’ என்று அழைத்தோம். மராத்தியில் அண்ணன் என்று பொருள்.

அந்த வீட்டை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்களுடன் வந்த நண்பரின் மாமியாருக்கு வயது 71. நீரிழிவுக்காக இரு வேளையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். பிரிக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். உபயோகத்தில் உள்ள குப்பி பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியில் தாங்கும். ஆயினும் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் ஆகாது. ஏப்ரல் மாதத்துப் பகலில் மாதேரானில்கூட வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவதுண்டு. எனவே பணம் கட்டுமுன்பே உரிமையாளருக்கு, “மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டி அவசியம்; அது இருப்பதால்தான் உங்கள் வீட்டை எடுக்கிறோம்” என்று கைப்பேசியில் எழுதியே அனுப்பினோம். “பெட்டி நல்ல நிலையில் உள்ளது” என்று அவரும் எழுத்தில் பதில் தந்தார்.

முதல் நாள் மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மருந்து, நாலு லிட்டர் பால், தயிர், மூன்று காலைக்குப் போதுமான இட்லி மாவு எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினோம். இரவு எட்டு மணிக்கு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. ஒன்பது மணிக்குப் பெட்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. மின்சாரம் சீரான பிறகும் அது உயிர் பெறவில்லை. பாவூ ஓடி வந்தார், செருகியை மாற்றினார், சுவரில் வேறு துளையில் பொருத்திப் பார்த்தார், பயனில்லை. அவர் முகம் வெளிறிப் போயிற்று. அவ்வளவு அச்சம் ஏன் என்பது எங்களுக்கு மறுநாள்தான் விளங்கிற்று.

மருந்தை அன்றிரவே பத்திரப்படுத்தியாக வேண்டும். கடைவீதியில் உணவு விடுதி நடத்தும் ஒருவர், பாவூவின் முகத்துக்காகத் தம் பெட்டியில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உபயோகத்தில் இருந்த குப்பியை மட்டும் பாவூவின் மனைவி கொடுத்த மண்பானையில், ஈரத்துணி சுற்றி வைத்துக்கொண்டோம். நம் பாட்டிமார் கண்ட முறை மலையிலும் பலித்தது. பாலைக் காய்ச்சிக் குடித்தது போக மீதி மறுநாள் திரிந்துவிட்டது.

மாவின் கதையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முதற்காலை இட்லி மல்லிகைப்பூப் போல் வந்தது. அன்று பகலில் மாவு பாத்திரத்தை மீறிப் பொங்கித் தாழ்வாரம் வரை மணம் பரப்பியது. இரண்டாம் காலை அந்தப் புளித்த மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி எங்கள் இல்லத்தார் ஊத்தப்பம் வார்த்தனர். பாவூவின் குழந்தைகள் தலைக்கு நாலு தின்றன. மூன்றாம் காலைக்கு எஞ்சியதைத் திறந்து பார்க்கவே ஒருவருக்கும் துணிவு வரவில்லை. 

இரண்டாம் நாள் பிற்பகல் நேரலிலிருந்து பழுதுபார்ப்பவர் வந்தார். பெட்டியைப் பின்புறம் திறந்து பார்த்து, கம்ப்ரஸர் கருகிவிட்டது என்றார். மின்னழுத்தம் தாழ்ந்து தாழ்ந்து வரும் இடத்தில் ஸ்டெபிலைஸர் இல்லாமல் ஓட்டியதே காரணம் என்றும் சொன்னார். இந்தக் கம்ப்ரஸரை மாற்றும் செலவில் பாதிப் பெட்டி வாங்கலாம். எதுவாயினும் மூன்று நான்கு நாளுக்குள் மேலே வந்து சேராது என்பது அவருடைய கணிப்பு. அதனை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருமாறு நாங்கள் வேண்டினோம். குமாஸ்தாக்களின் சுபாவம் அது. தாளில் இல்லாதது நடந்ததாகவே எங்களுக்குத் தோன்றாது.

உரிமையாளருடன் தொலைபேசியில் பேசினோம். அவர் கடுமையாகப் பேசவில்லை. அடுத்த முறை நாங்கள் வரும்போது வாடகையில் நூற்றுக்குப் பத்து குறைத்துக்கொள்வதாகக் கூறினார். அது போதாது என்றதும், “அப்படியானால் அந்தக் காவலாளி பெட்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, அவன் சம்பளத்தில் பிடித்து உங்களுக்குத் தந்துவிடுகிறேன்” என்றார். பாவூவின் மாதச் சம்பளம் ரூ. 9,000. முதல் நாள் இரவு அவர் முகம் வெளிறிய காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புலனாயிற்று. முன்பு ஒருமுறை உடைந்த ஒரு கண்ணாடி அலமாரிக்கு அவர் மூன்று மாதம் தவணை கட்டியிருக்கிறார்.

அன்றிரவு தாழ்வாரத்தில் அமர்ந்து நாங்கள் ஒரு சிறு மாநாடே நடத்தினோம். பார்சல் பகுதியில் பணிபுரியும் நண்பர் முழு வாடகையையும் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார். தராவிட்டால் வீட்டைப் பற்றி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு உலகறிய எழுதிவிடுவோம் என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் யோசனை. அவருடைய மாமியார் ஊசி போட்டுக்கொண்ட கையைத் தடவியபடி, “மூன்று ராத்திரியும் நன்றாய்த் தூங்கப் போகிறோமே மாப்பிள்ளை, அதற்கு வாடகை இல்லையா?” என்று கேட்டார். மாப்பிள்ளையிடம் விடை இல்லை. எங்களுக்கும் அம்மையார் பக்கமே நியாயம் இருப்பதாகப்பட்டது. உண்மையை எழுதுவது வேறு; எழுதாமல் இருக்கப் பணம் கேட்பது வேறு. பின்னது வியாபாரம், அதுவும் நல்ல வியாபாரமன்று.

அப்படியானால் எவ்வளவு கேட்பது? இங்கேதான் எங்கள் உத்தியோகம் எங்களுக்கு உதவிற்று. குளிர்சாதன வசதியுள்ள ரயில் பெட்டியில் அவ்வசதி பழுதானால் ரயில்வே என்ன செய்கிறது? பயணச்சீட்டின் முழுத் தொகையையும் கொடுப்பதில்லை. ஏனெனில் பயணி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்றும் இல்லை என்று கைவிரிப்பதும் இல்லை. மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பின் கட்டணத்திற்கும் சாதாரணப் படுக்கை வகுப்பின் கட்டணத்திற்கும் உள்ள வித்தியாசத்தை, வசதி வேலை செய்யாத தூரத்திற்கு மட்டும் கணக்கிட்டுத் திருப்பித் தருகிறது. அதற்கு வண்டியில் உள்ள பரிசோதகரிடம் சான்று பெற்று, வண்டி போய்ச் சேர்ந்த 20 மணி நேரத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த விதியை அறியாமல் வியர்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்து, நிலையத்தில் எங்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்களே அதிகம். அடுத்த பயணத்தில் நூற்றுக்குப் பத்து கழித்துக்கொள்கிறோம் என்று நாங்கள் சொன்னால் பயணிகள் ஒப்புக்கொள்வார்களா?

இந்த முறையை வீட்டுக்கும் பொருத்திப் பார்த்தோம். அதே பங்களாவின் கீழ்ப்பகுதியும் அதே அளவுதான்; சமையலறையில் அடுப்பு உண்டு, குளிர்சாதனப் பெட்டி இல்லை. அதன் வாடகை ரூ. 5,200 என்று உரிமையாளர் அனுப்பிய குறிப்பிலேயே இருந்தது. வித்தியாசம் ஒரு நாளைக்கு ரூ. 800, மூன்று நாளைக்கு ரூ. 2,400. அதன்மேல் நாங்கள் கையை விட்டுச் செலவழித்தவை: பனிக்கட்டி ரூ. 240, கெட்ட பால், தயிர் ரூ. 310, மூன்றாம் காலை ஒன்பது பேருக்கு வெளியில் வாங்கிய சிற்றுண்டி ரூ. 620. ஆக ரூ. 3,570. மாவு அரைத்த உழைப்புக்கு விலை போட வேண்டும் என்று இல்லத்தார் வாதாடினர். அதற்கு விலை போடும் சக்தி எங்களுக்கில்லை என்று வணக்கத்துடன் தெரிவித்துக்கொண்டோம்.

சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில், ஒப்பந்தம் மீறப்பட்டால் அதனால் இயல்பாக விளையும் நஷ்டத்திற்கும், நேரக்கூடும் என்று இரு தரப்பாரும் ஒப்பந்தம் செய்யும்போதே அறிந்திருந்த நஷ்டத்திற்கும் ஈடு உண்டு என்கிறது. தொலைவான நஷ்டங்களுக்கு இல்லை. மருந்தைப் பற்றி முன்கூட்டியே எழுதித் தெரிவித்ததன் பெறுமானம் இங்கே வெளிப்படும். ஒருகால் இன்சுலின் கெட்டுப் போயிருந்தால் அதன் விலையையும் கேட்க எங்களுக்கு வழி இருந்திருக்கும். அதே பிரிவின் விளக்கம் மற்றொன்றும் சொல்கிறது: அசௌகரியத்தைப் போக்கிக்கொள்ள என்ன வழிகள் இருந்தன என்பதையும் நஷ்டக் கணக்கில் பார்க்க வேண்டும். அதாவது, விடுதிக்காரர் பெட்டியில் இடம் தரத் தயாராக இருக்கும்போது மருந்தை வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டு விலை கேட்பது செல்லாது. ஊத்தப்பமும் இவ்விளக்கத்தில் அடங்கும் என்பது எங்கள் அபிப்பிராயம், வக்கீல்கள் மன்னிப்பார்களாக.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் பெற்றுக்கொண்டு தங்க இடம் தருவதையும் அச்சட்டம் சேவையாகவே கருதுகிறது. சொன்ன வசதியைத் தராதது சேவைக் குறைபாடு. பழைய சட்டத்தில் இல்லாத ஒரு சலுகை நம்போன்றோர்க்கு இதில் உண்டு. எங்கே தங்கினோமோ அங்கே போய் வழக்காட வேண்டியதில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்திற்கு உட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பாக 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துக் குறையைச் சொல்லலாம். மாத வாடகைக் குடித்தனத்தின் நிலை வேறு. அங்கே வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவித்தும் நியாயமான காலத்திற்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துகொண்டு வாடகையில் கழிக்க 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவில் இடம் தருகிறது. மறுதலையான உடன்படிக்கை இருந்தால் அதுவே செல்லும். மூன்று நாள் விருந்தினர் கம்ப்ரஸர் வாங்கிப் பொருத்திக்கொண்டிருக்க முடியுமா?

மூன்றாம் நாள் காலை உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினோம். அதில் மிரட்டல் இல்லை. பெட்டி நின்ற நேரம், நாங்கள் அறிவித்த நேரம், பழுதுபார்ப்பவர் எழுதித் தந்த தாள், பனிக்கட்டிக் கடைச் சீட்டு, கீழ்ப்பகுதி வாடகைக் கணக்கு, மொத்தம் ரூ. 3,570 ஆகிய விவரங்களை வரிசையாகக் குறித்தோம். கடைசியில் ஒரு வாசகம் சேர்த்தோம்: இத்தொகை தங்கள் வருமானத்திலிருந்து வர வேண்டும், காவலாளியின் சம்பளத்திலிருந்து வருவதாயின் எங்களுக்கு ஒரு காசும் வேண்டாம், ஸ்டெபிலைஸர் இல்லாமற் போனது அவர் பிழையன்று என்பதற்கு இணைத்துள்ள தாளே சாட்சி.

அந்த வாசகத்தைப் பற்றி எங்களுக்குள் சிறிது தர்க்கம் நடந்தது. அவர்கள் வீட்டு விவகாரத்தில் நாம் தலையிடலாமா என்று நண்பர் தயங்கினார். நாங்கள் பெறும் பணம் எந்தப் பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது எங்கள் விவகாரமே என்று முடிவாயிற்று. ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் ஆளுகையில் மாதச் சம்பளம் வாங்கிப் பிழைக்கும் நமக்கு இது விளங்காதா?

பதில் வரும்வரை நாங்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கவில்லை. சார்லட் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். ஊர்க் குடிநீருக்கு உதவும் ஏரி ஆதலால் குளிக்க இறங்கக்கூடாது. குழந்தைகளை அடக்குவதே பெரும் பாடாயிற்று. எக்கோ முனையில் நின்று தமிழில் கூவினால் மலை தமிழிலேயே பதில் சொல்கிறது. இம்மாநிலத்தில் இது அபூர்வம்! போர்க்குபைன் முனையில் சூரியன் மறைவதை அம்மையார் ஒரு கல்லில் அமர்ந்து பார்த்தார். அங்கிருந்து திரும்பும் வழியில், ஊசிக்கு நேரமாகிவிட்டது என்று பாவூவே விடுதிக்கு ஓடிக் குப்பியை எடுத்து வந்தார். “ஆயி, மெதுவாக நடங்கள்” என்று அவர் மராத்தியில் சொன்னதற்கு, “நீ ஓடாதே அப்பா” என்று அம்மையார் தமிழில் பதிலளித்தார். இருவருக்கும் புரிந்தது.

கடைவீதியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி தெரிய வந்தது. நாங்கள் போவதற்கு முந்திய மாதம், மார்ச்சு 18 அன்று, மாதேரான் மக்களே கடைகளை அடைத்துக் கிளர்ச்சி செய்திருக்கின்றனர். தஸ்தூரியில் சிலர் பயணிகளிடம் பொய் சொல்லி ஏமாற்றிப் பணம் பறிக்கின்றனர், இதனால் ஊர்ப்பெயர் கெடுகிறது என்பதே அவர்கள் குறை. வருவோரை நம்பிப் பிழைக்கும் ஊரில், விருந்தினர் மனம் கசந்து மலையிறங்கினால் சிக்கி விற்பவருக்கும் குதிரைக்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் சேர்ந்தே நஷ்டம். விடுதிக்காரர் காசு வாங்காமல் தம் பெட்டியில் இடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவருடைய நற்குணமே முதற்காரணம் என்று நாங்கள் கொள்கிறோம்.

மாலை நாலு மணிக்கு உரிமையாளரிடமிருந்து பதில் வந்தது. கணக்கை ஒப்புக்கொண்டிருந்தார். முழு வாடகையும் கேட்பீர்கள் என்றே எண்ணியிருந்தேன் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். சற்று நேரத்தில் ரூ. 3,570 வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. காவலாளியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாங்கள் மறுபடி கேட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, “சம்பளத்தில் பிடிக்கமாட்டேன்” என்ற ஒற்றை வரி வந்தது. அந்த வரியைப் பாவூவின் கைப்பேசிக்கும் அனுப்பி வைத்தோம்.

நம் சங்கத்து அன்பர்களுள் சிலர் கும்பகோணத்திலும் கொடைக்கானலிலும் உள்ள தம் பூர்வீக வீடுகளை இப்போது நாள் வாடகைக்கு விட்டு வருவதை அறிவோம். அவர்களுக்கு ஒரு சொல். மின்சாரச் சாமான் பழுதாவது எவர் வீட்டிலும் நேர்வதே. விருந்தினர் அதற்காகக் கோபிப்பதில்லை. அவர்கள் கேட்டு, மன்றாடி, சண்டையிட்ட பிறகு கொடுக்கும் ஆயிரத்தைவிட, பழுதான அன்றே தாமாகச் சொல்லும் ஐந்நூறுக்கு மதிப்பு அதிகம். கீசர், பெட்டி, நீரேற்றும் மோட்டார் இம்மூன்றும் இல்லாத நாளுக்கு எவ்வளவு கழிப்பது என்று முன்னதாகவே தீர்மானித்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். பழுதுபார்ப்பவர் வந்து சேர எத்தனை மணி நேரமாகும் என்பதையும் மறைக்காமல் அதிலேயே சொல்லிவிடலாம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தை இக்கணக்கில் கொண்டுவர வேண்டாம்.

நாங்கள் கல்யாண் திரும்பி ஒன்றரை மாதத்திற்குப் பின், மழை பிடிப்பதற்கு முன்பாக, பாவூ தொலைபேசியில் பேசினார். புதுப் பெட்டி வந்துவிட்டதாம். தஸ்தூரியிலிருந்து நாலு பேர் மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து வந்தனராம். சுமைகூலி மட்டும் ரூ. 1,200. கூடவே ஒரு ஸ்டெபிலைஸரும் வந்திருக்கிறது. மே மாதச் சம்பளம் குறையின்றிக் கிடைத்ததா என்று கேட்டோம். கிடைத்தது என்றார். பிறகு, ஆயிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.